தர்மிகா வரும்வரைக்கும்

செல்வமலருக்குப் பயமே கிடையாது என்று சொல்கிறவர்கள் அவரைச் சரியாக அறியாதவர்கள். பயம் நிறைய உண்டு. நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், பனியில் சறுக்கி விழப் பயம். கதைக்க மட்டும் பயமில்லை. கலியாணம் கட்டி, நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்கு வந்து இறங்கிய புதிதில், மீன் தொழிற்சாலையில் நல்ல கையுறை இல்லாமல் பெண்களின் விரல்கள் விறைத்துப்போய்க் கிடந்தபோது, மேலாளரின் கதவைத் தட்டியது அவர்தான். அப்போது அவருக்கு நோர்வேஜிய மொழி அரைகுறை. தெரிந்த சொற்களைச் சொல்லி, தெரியாத இடங்களில் விரல்களை நீட்டிக் காட்டினாராம். கையுறை வந்தது. அடுத்த வருடமே தொழிற்சங்கத்தில் அவரைப் பிரதிநிதியாகப் போட்டுவிட்டார்கள்.

பிறகு குடும்பம் ஒஸ்லோவுக்கு இடம் மாறியது. கணவர் மகேந்திரராசா பஸ் ஓட்டினார். செல்வமலர் அங்கே ஸ்டோவ்னர் பகுதியில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிடும் வேலையில் சேர்ந்தார். ஒரு வீட்டில் நிற்பதற்குக் கொடுத்த நேரம் வர வரக் குறைந்துகொண்டே போனது. தனியே கிடந்த கிழவர் அப்போதுதான் வாய் திறந்து ஒரு கதையைத் தொடங்குவார், இவர் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். இதென்ன கோதாரி வேலை என்று வீட்டில் புறுபுறுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போய் அங்கே புறுபுறுத்தார். அவர்கள் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார்கள். அப்படியே போய், சில வருடங்களில் ஸ்டோவ்னர் வட்டாரசபைத் தேர்தலுக்கான பட்டியலில் கட்சி அவரை முதலாவதாக நிறுத்தியது.

கட்சி வென்றால், பட்டியலில் முதலாவதாக வருகிறவரைத்தான் சபைத் தலைவராக்குவதாகப் பேச்சு. செல்வமலர் அந்தக் கதிரைக்கு ஆசைப்பட்டார். ஆசையை மறைக்கவும் இல்லை. அதுதான் வில்லங்கமாய்ப் போனது. ஆம்பிளை பதவிக்கு ஆசைப்பட்டால் ஊக்கமான ஆள் என்கிறார்கள். அதே ஆசை பொம்பிளைக்கு வந்தால் எடுப்பு என்கிறார்கள். இதை யார் கேட்பது?

பட்டியலில் இரண்டாவதாக அருட்செல்வம் இருந்தார். கணக்காளர், தன்மையான மனிதர், அவரில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. வாக்குச்சீட்டில் விரும்பியவரின் பெயருக்கு நேரே புள்ளடி போடலாம். புள்ளடி கூடினால் கீழே இருப்பவர் மேலே வந்துவிடுவார். அந்தப் பகுதியில் தமிழ்ச் சனம் நிறைய என்பதால், இரண்டு பேரில் யார் மேலே வருவது என்பது எங்கள் சனத்தின் கையில்தான் இருக்கிறது என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள்.

பிரசாரம் தொடங்கியது. கட்சிக்காரர்கள் அருட்செல்வத்திடம் வட்டாரத்தின் வரவு செலவைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். செல்வமலரிடம், சனிக்கிழமை பிரசாரக் கூடாரத்துக்கு அந்த ருசியான ரோல்ஸ் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். அவரும் கொண்டுபோனார், பாவம். எங்கள் ஆட்களோ மகேந்திரராசாவைக் கடையில் கண்டால், மனைவி இப்படித் திரிந்தால் உங்கள் சாப்பாடு என்ன பாடு என்று இரக்கப்பட்டார்கள். மகேந்திரராசா சிரித்துவிட்டு வந்துவிடுவார். அந்த வீட்டில் கனகாலமாகப் புட்டு அவிப்பது அவர்தான். அருட்செல்வம் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று ஒரு குஞ்சும் கேட்கவில்லை.

இதையெல்லாம் செல்வமலர் தூசி தட்டுவதுபோலத் தட்டிவிட்டார். தட்ட முடியாமற்போனது தர்மிகாவின் கதை ஒன்றுதான்.

தர்மிகா அவர்களின் ஒரே மகள். நகரத்தின் மறுபக்கம், ஹொல்ம்லியாவில் ஆன்ட்ரியாஸ் என்ற நோர்வேஜியப் பொடியனோடு, கலியாணம் கட்டாமல், ஒரு வீட்டில் இருக்கிறாள். முதன்முதலில் கேள்விப்பட்டபோது செல்வமலரும் அழுதவர்தான், சாப்பிடாமல் கிடந்தவர்தான். பிறகு அந்தப் பொடியன் ஒருநாள் வந்து, மகேந்திரராசாவுக்குப் பக்கத்தில் நின்று, முகமெல்லாம் மாவாக இடியப்பம் பிழிந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு எப்படி அழுவது?

தேர்தல் நெருங்கியபோது சண்முகலிங்கமும் மனைவி மங்களேஸ்வரியும் வீட்டுக்கு வந்தார்கள். சண்முகலிங்கம் அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர். வேட்பாளர்கள் இருவரையும் சங்க மண்டபத்தில் வைத்துக் கௌரவிக்கப் போவதாகச் சொன்னார். தேத்தண்ணி பாதி இறங்கியபிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“சனம் கதைக்குது, தங்கச்சி. சொந்த மகளையே வழிக்குக் கொண்டுவரத் தெரியாதவ வட்டாரத்தை என்னெண்டு நடத்துவா எண்டு கேக்கினம். நான் கேக்கேல்லை, சனம் கேக்குது. அண்டைக்கு மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்.”

அருட்செல்வத்தின் மகன் கீர்த்தனனும் எம்மா என்ற நோர்வேஜியப் பிள்ளையோடு அப்படித்தானே இருக்கிறான் என்று மகேந்திரராசா மெல்லக் கேட்டார். அவன் ஆம்பிளைப் பிள்ளையல்லோ என்றார் மங்களேஸ்வரி, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல.

செல்வமலர் அங்கேயே நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேலாளரின் கதவைத் தட்டிய மனுசி, தன் வீட்டு விறாந்தையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். கதிரை அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது. அன்று பின்னேரமே மகளுக்குப் போன் எடுத்து, விழாவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“ஓம் அம்மா, பரவாயில்லை. நான் வரேல்லை,” என்றாள் தர்மிகா. குரலில் கோபம் இல்லை. இப்படியொரு நாள் வரும் என்று முன்பே ஆயத்தமாக இருந்தவள்போலச் சொன்னாள். அவள் சண்டை பிடித்திருந்தால் செல்வமலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ‘ஓம் அம்மா’ தான் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் கீர்த்தனனும் எம்மாவும் இருந்தார்கள். எம்மா சேலை கட்டியிருந்தாள், நெற்றியில் பொட்டு வேறு. கையால் எவ்வளவு வடிவாகச் சாப்பிடுகிறாள் பாருங்கோ என்று ஆளுக்காள் உருகினார்கள். செல்வமலருக்கும் அவளைப் பிடிக்கும். பிடித்ததால்தான் இன்னும் நொந்தது.

சண்முகலிங்கம் அருட்செல்வத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். அடுத்தது செல்வமலர். எங்கள் சபைகளில் ஒரு பெண்ணுக்கு ஆண் பொன்னாடை போர்த்துவதில்லை, பெண்தான் போர்த்த வேண்டும். மேடையில் இருந்தவர்களோ அத்தனை பேரும் ஆம்பிளைகள். சண்முகலிங்கம் இங்கும் அங்கும் பார்த்தார். பார்த்துவிட்டு, பெரிய யோசனை ஒன்று வந்தவர்போல ஒலிவாங்கியில் அறிவித்தார்: “பொன்னாடை போர்த்துறதுக்கு, அருட்செல்வம் அண்ணையின்ர மருமகள் எம்மாவை மேடைக்கு அழைக்கிறம்.”

மருமகள். தாலியும் இல்லை, மோதிரமும் இல்லை, மருமகள். மண்டபம் கைதட்டியது. எம்மா வெட்கத்தோடு மேடையேறி, பொன்னாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். செல்வமலர் அவளின் கைகளைப் பிடித்தார். கன்னத்தைத் தடவி, உன்னில் ஒரு பிழையும் இல்லையம்மா, கொஞ்சம் பொறு என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். பிறகு ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

“எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் இண்டைக்கு இஞ்சை இல்லை. நான்தான் வரவேண்டாம் எண்டு சொன்னனான். உங்கட புள்ளடிக்கு ஆசைப்பட்டு, பெத்த பிள்ளையை ஒளிச்சு வைச்சிட்டு வந்து நிக்கிறன். இந்தப் பொன்னாடையை அவள்தான் எனக்குப் போர்த்த வேணும். ஹொல்ம்லியாவிலை இருந்து வர ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஏலுமான ஆக்கள் இருங்கோ.”

சொல்லிவிட்டு மேடையில் நின்றபடியே போன் எடுத்தார்.

“பிள்ளை, வெளிக்கிட்டு வா. ஆன்ட்ரியாஸையும் கூட்டிக்கொண்டு வா.”

தர்மிகா என்ன சொன்னாள் என்பது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. நான் வந்தால் உங்களுக்கு விழுகிற புள்ளடியும் விழாமல் போய்விடும் அம்மா என்றாளாம். போகட்டும், நீ வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிறகு கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எம்மாவும் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கீழே குசுகுசுப்புத் தொடங்கியது. மகேந்திரராசா எழும்பிப் போய்ச் சமையலறையில் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த அருட்செல்வம், மேடையால் இறங்கி, தன் தோளில் கிடந்த பொன்னாடையோடேயே தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடுத்தார். அந்த மண்டபத்தில் ஆம்பிளைகள் தேத்தண்ணி பரிமாறியதை அதற்கு முன் ஒருவரும் கண்டதில்லை.

கன பேர் காத்திருக்கவில்லை. கார் திறப்பைக் கையில் ஆட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், விடிய வேலை என்று சொல்லிச் சொல்லி எழும்பிப் போனார்கள். அவர்களோடு புள்ளடிகளும் போயின. முடிவை இப்போதே சொல்லிவிடலாம். கட்சி வென்றது. அருட்செல்வம் பட்டியலில் மேலே ஏறினார், தலைவர் கதிரை அவருக்குப் போனது. செல்வமலர் சாதாரண உறுப்பினராக உள்ளே போனார். வயதானவர்களின் வீட்டில் நிற்கும் நேரத்தைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பிக் கேட்கிறார், அடுத்த தேர்தலிலும் அந்தக் கதிரையைக் கேட்கத்தான் போகிறார். ஆனால் அன்று மேடையில் இருக்கும்போதே இது இப்படித்தான் முடியும் என்று அவருக்குத் தெரியும். வாசலால் வெளியேறும் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தர்மிகா வந்தபோது பாதி மண்டபம் வெறுமை. மழையில் நனைந்த ஜக்கெட், கட்டாத தலைமயிர், காலில் சேறு பட்ட சப்பாத்து. ஆன்ட்ரியாஸ் வாசலோடு நின்றுவிட்டான். அவள் தனியே நடந்து வந்து மேடையேறினாள். எம்மா எழும்பிப் பொன்னாடையைக் கொடுத்தாள். தர்மிகா அதைத் தாயின் தோளில் போர்த்தினாள். செல்வமலர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பொன்னாடை நிலத்தில் விழுந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

இனி ஒலிவாங்கியில் சண்முகலிங்கத்தின் முறை. அறிவிப்புச் செய்யாமல் தப்ப முடியாது. “செல்வமலர் தங்கச்சியின்ர மகள் தர்மிகா,” என்றார். எஞ்சியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதோடு முடித்துவிடத்தான் பார்த்தார். செல்வமலர் மகளை விடாமல், அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார். மண்டபமும் பார்த்தது. சண்முகலிங்கம் வாசல் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமினார்.

“அங்கை நிக்கிறது...” என்று இழுத்தார். மங்களேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார்.

“மருமகன்,” என்றார் சண்முகலிங்கம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ட்ரியாஸுக்கு அந்தச் சொல் விளங்கியிருக்க வேண்டும், காது இரண்டும் சிவந்துவிட்டது. வாசலில் நின்றபடியே கையைத் தூக்கிக் காட்டினான். செல்வமலர் அப்போதுதான் அழத் தொடங்கினார்.