கையை எடுத்தால் நிற்கும் ஸ்டியரிங்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இடது தோளை உடைத்த சணல் கட்டு எந்த வின்ச்சிலிருந்து விழுந்ததோ, அந்த வின்ச்சை ஓட்டியவர்தான் என் காருக்கு ஸ்டியரிங் செய்து கொடுத்தார். இதைக் கடைசிவரை ஒளித்து வைத்துப் படிக்கிறவரை ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது.

நான் அப்போது துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை. அவர் வண்ணாரப்பேட்டைக்காரர், கப்பலில் சரக்கைக் கயிறு கட்டித் தூக்கி இறக்கும் நீராவி வின்ச் ஓட்டுகிறவர். எல்லோருக்கும் அவர் பாய். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு டன் பெட்டியை ஒரு முட்டையின் மேல் இறக்கச் சொன்னாலும் முட்டை உடையாது. அப்படிப்பட்ட கை ஒரே ஒருநாள், நெற்றி வியர்வையைத் துடைக்க, பிரேக்கை விட்டு எழுந்தது. அந்த ஒரு நொடியில் கட்டு இறங்கிவிட்டது. கீழே நான் நின்றேன்.

எலும்பு கூடியது. ஆனால் இடது கை தோளுக்கு மேலே எழாது, எதையும் தள்ளாது. கியர் போட முடியும், அவ்வளவுதான். பாய் ஆஸ்பத்திரிக்குத் தினம் வந்தார். ஆரஞ்சு கொண்டுவந்தார். கட்டு விழுந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. "எனக்குக் கோபமெல்லாம் கிடையாது" என்று எங்கள் ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பச்சைப் பொய்.

ஏனென்றால் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் என் கார் கிடந்தது. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் என்னிடமே விட்டுப்போன கார். இரண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். அவர் இருந்தபோதே ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் வரைக்கும் என்னை ஓட்ட விடுவார். அடேயப்பா, அந்தக் காற்று! தோள் போன பிறகு ஐந்து வருஷம் தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இனிமேல் ஓட்டுவேனா மாட்டேனா என்பதுதான் என் மனதில் இருந்த ஒரே கேள்வி. அதைக் கேட்டுப் பார்க்கவே பயந்தேன்.

ஒரு ஞாயிறு காலை பாய் வந்தார். நேராகக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை உருவினார்.

"இன்னா நைனா, இத்த இன்னாத்துக்கு மூடி வெச்சிகினு கீறே? ஓட்லாம் வா."

என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "சட்டைக்கு இன்னும் நான்தான் கை நுழைச்சு வுடறேன். இதுல காரு வேறயா?"

உப்புக்காற்று பழைய என்ஜினைத் தின்றுவிட்டிருந்தது. போருக்குப் பிறகு ராணுவம் கழித்துப் போட்டதெல்லாம் குவிந்து கிடந்த ஒரு டிஸ்போசல் யார்டு தண்டையார்பேட்டைப் பக்கம் இருந்தது. அங்கிருந்து ஒரு ராணுவ வண்டியின் என்ஜின் வந்தது. ஓடியது, சிங்கம்தான். ஆனால் கார் மூக்கில் அத்தனை கனம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கை முழுசாக இருக்கிறவனுக்கே மூச்சு வாங்கும். எனக்கு இருந்ததோ ஒன்று.

பெரிய லாரி ஸ்டியரிங்கை மாட்டிப் பார்த்தோம். இலகுவாகத் திரும்பியது, ஆனால் முழங்கால் உள்ளே போகவில்லை. அப்புறம் பல் அதிகமுள்ள வேறு ஸ்டியரிங் பெட்டி. அதில் ஒரு வளைவுக்கு நாலு சுற்று சுற்ற வேண்டும். ஒற்றைக் கையால் நான் சுற்றி முடிப்பதற்குள் வளைவே தாண்டிப் போய்விடும். வேண்டாம் என்று நானே கழற்றச் சொன்னேன்.

மூன்றாவதுதான் பாய் கண்டுபிடித்தது. யார்டில் ஒரு கவச வண்டி கிடந்தது. அதில் எண்ணெயின் அழுத்தமே சக்கரத்தைத் திருப்பும். என்ஜின் ஒரு பம்பைச் சுழற்றும், பம்பு எண்ணெயை ஒரு சிலிண்டருக்குள் தள்ளும், சிலிண்டரின் தண்டு சக்கரத்தைத் தள்ளும். நம் கை வழி காட்டினால் போதும். இன்றைக்குப் பவர் ஸ்டியரிங் என்கிறார்களே, அதேதான். நாங்கள் ஆயில் ஸ்டியரிங் என்றோம். மதராஸில் அதைக் கேள்விப்பட்டவர்களே அப்போது குறைவு.

அதை ஒரு சின்னக் காருக்குள் அடக்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், வரைபடமெல்லாம் கொட்டகைத் தரையில் கரித்துண்டால்தான். எண்ணெய் கசியாமலிருக்க எருமைத்தோலை விளக்கெண்ணெயில் ஊறவைத்து வளையம் வெட்டினார். திருப்புளியின் முனையைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "உள்ள ஒண்ணு அயுவுதுபா" என்பார். பிரித்தால் ஒரு பல் உடைந்திருக்கும். இந்த ஆள்மேலா கோபம் வைத்திருக்கிறோம் என்று பல நாள் வெட்கப்பட்டேன். ஆனாலும் விட முடியவில்லை.

முதல் ஓட்டம் எண்ணூர் சாலையில். பாய் என் இடப்பக்கம். ஒரு விரலால் திருப்பினேன், திரும்பியது! கத்தினேன், பாடினேன். உப்பளத்துப் பக்கம் வலப்புற வளைவு வந்தது. திருப்பினேன். வளைவு முடிந்ததும் எந்த டிரைவரும் செய்வதுபோல் பிடியைத் தளர்த்தினேன். தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவேண்டும். வரவில்லை. திருப்பிய இடத்திலேயே சிலையாக நின்றது. கார் சாலையை விட்டிறங்கி உப்பளத்துச் சேற்றில் மூக்கைப் புதைத்தது.

பக்கத்து நெட்டுக்குப்பத்து ஆட்கள் நாலு பேர் கயிறோடு வந்தார்கள். "இன்னாபா, உப்பு வார்றதுக்குக் காரா?" என்று ஒருவர் சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ் பாய்! இது காரா, கிரேனா? கைய எடுத்தா ஏன்யா நேரா வர்ல?"

"கைய எட்த்தா அப்டியே நிக்கணும்னு நான்தான் உள்ள ஒரு வால்வு வெச்சேன்," என்றார். "எண்ணெ திரும்பிப் போவாது. வெச்சது வெச்ச எடத்துல நிக்கும். அதான நல்ல மிசினு?"

பாய் அதுவரை கார் ஓட்டியதே இல்லை. வின்ச்சுக்காரருக்குத் தெரிந்த ஒரே தர்மம், கையை எடுத்தால் பாரம் நகரக்கூடாது. மேலும் திட்ட வாயைத் திறந்தேன். அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அது நிக்கலயே, நைனா."

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டைப் பற்றிப் பேசினார். கயிறு பிடித்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"கப்பலு வேற, ரோடு வேற பாய்," என்றேன். "இங்க கைய எடுத்தா தானா நேரா வரணும். அந்த வால்வ கயட்டிடு."

"தானா நவுர்றத நான் எப்டிபா செஞ்சு குடுப்பேன்?" என்றார்.

எட்டு நாள் வரவில்லை. அவ்வளவுதான், இனி வரமாட்டார், காரும் அவ்வளவுதான் என்று இருந்தேன். ஒன்பதாம் நாள் காலை கொட்டகையில் சத்தம். போய்ப் பார்த்தால் காருக்கடியில் பாய் படுத்திருந்தார். கழற்றிய வால்வு வெளியே ஒரு துணியில் கிடந்தது.

மறுபடி அதே சாலை, அதே வளைவு. திருப்பினேன்.

"பாய், கைய எடுக்கப் போறேன்."

அவர் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். "எடு."

எடுத்தேன். ஸ்டியரிங் என் உள்ளங்கைக்கு அடியில் மெதுவாகச் சுழன்று நேருக்கு வந்து நின்றது. பாய் சாலையைப் பார்க்கவே இல்லை, அதையே பார்த்தார்.

"இன்னொரு வாட்டி," என்றார்.

வண்டியைத் திருப்பி வந்து காட்டினேன். இன்னொரு வாட்டி என்றார். டேங்க் காலியாகும்வரை அந்த வளைவிலேயே போய்ப்போய் வந்தோம். கார் தானாக நின்றபோது அவர் கதவிலிருந்து கையை எடுத்திருந்தார்.

"தோளு வலிக்குதா நைனா?" என்று கேட்டார்.

"மய பேஞ்சா வலிக்கும் பாய்," என்றேன். "இன்னிக்கு இல்ல."