ஈ மொய்க்காத வெல்லம்

போன வியாழக்கிழமை பாப்பிரெட்டிப்பட்டியில் என் தங்கை வீட்டில் இருந்தேன். தங்கையின் கணவர் கோவிந்தசாமி வெல்ல மண்டி வைத்திருக்கிறார். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு.

வெல்ல மண்டிக்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறீர்களா? ஒரு கையில் காபி டம்ளர், மறு கையில் விசிறி. இரண்டையும் கீழே வைக்க முடியாது. ஈ, தேனீ, குளவி, கட்டெறும்பு... எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கும். "இந்த வூட்ல எப்படிடி இருக்கே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "பழகிப்போச்சுக்கா" என்பாள். எனக்குத்தான் பழகித் தொலைய மாட்டேன் என்கிறது.

அன்று காலை வெல்லம் ஏற்ற லாரி வந்தது. ஓட்டி வந்தவர் பஷீர். தர்மபுரிக்காரர், லாரியும் அவருடையதே. கோவிந்தசாமிக்குப் பல வருஷப் பழக்கம். என்னைப் பார்த்தால், "இந்த வாரம் யாரைப் போட்டு வறுத்திருக்கீங்கக்கா?" என்பார். என் வாரப் பத்தியின் வாசகர்தான் – ஆனால் பத்திரிகையை டீக்கடையில் ஓசியில் படிக்கிறவர்.

லாரி காலியாக வந்து நின்றதும் முதல் வேலை அதைக் கூட்டுவது. சின்னப்பாப்பா என்கிற பெண் அதற்கென்று வருவாள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கூட்டுவதற்குக் கூலி கிடையாது. முந்தைய சரக்கில் எது சிந்திக் கிடக்கிறதோ அது அவளுக்கு. அரிசியோ, கேழ்வரகோ, நிலக்கடலையோ – வாரி எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு போவாள். அந்தப் பக்கத்து மண்டிகளில் அதுதான் வழக்கம். லாரிக்காரருக்கு வண்டி சுத்தம், மண்டிக்காரருக்குச் செலவு மிச்சம், அவளுக்கு ஒரு வேளைச் சோறு. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று நானே மெச்சியிருக்கிறேன்.

அன்று அவளுக்கு நல்ல யோகம். நொய்யரிசி நிறையச் சிந்திக் கிடந்தது.

"என்னமோ மாவும் சேந்து கெடக்குதுங்க. பொடைச்சாப் போயிரும்" என்றாள்.

கூட்டி முடித்து இறங்கும்போது இருமினாள். தலை கிறுகிறுவென்று வருகிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வெயில் என்று நினைத்தோம். நமக்கு எல்லாவற்றுக்கும் வெயில்தானே காரணம்?

வெல்லம் ஏற ஆரம்பித்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாதி லோடு ஏறியிருக்கும். திடீரென்று ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பார்த்தால், விசிறி என் மடியில் கிடக்கிறது. எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை. வீசவேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கிறது.

ஈ இல்லை.

மண்டிக்குள் இருந்தது. தராசைச் சுற்றி மொய்த்தது. லாரி பக்கம் மட்டும் இல்லை. வாய் திறந்த மூட்டைகள், கசிந்து வழிகிற பாகு, மேலே நல்ல வெயில்... ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைத் துடைத்து எடுத்தாற்போல் இருந்தது.

"மாப்பிள்ளை, இந்த லாரில ஈயே காணோமே. தினமும் இதையே வரச் சொல்லிடுங்க" என்றேன், பெரிய ஹாஸ்யம் சொல்லிவிட்ட பெருமையில்.

கோவிந்தசாமி சிரிக்கவில்லை. ஏற்றுகிற ஆட்களைக் கையமர்த்திவிட்டு லாரியில் ஏறினார். நானும் எட்டிப் பார்த்தேன். பலகை இடுக்குகளில் தேனீக்கள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன. சக்கரத்தின் வழியாக ஓர் எறும்புச் சாரை பலகை வரை ஏறி வந்திருக்கிறது. பாதி வழியில், வரிசை கலையாமல், அப்படியே நின்றிருந்தது. கோவிந்தசாமி குனிந்து ஊதினார். மொத்தமாக உதிர்ந்தது.

"பஷீரு, இதுக்கு முந்தி என்ன ஏத்துனே?"

"நொய்யிங்க. சேலத்துல ஏத்தி அரூர்ல எறக்கிட்டு நேரா இங்க வர்றேன்."

"நொய்யி மட்டுமா?"

பஷீர் தலையைச் சொறிந்தார். "கூடக் கொஞ்சம் பவுடர் மூட்டைங்க. வெவசாயப் பவுடருன்னாங்க. உரமாட்டம் இருக்குதுன்னு நொய்யி மேலயே அடுக்கிட்டேன். மஞ்சவாடி கணவாய் ஏத்தத்துல ஒரு மூட்டை பிரிஞ்சிருச்சு..."

சாக்கின் மேல் ஏதாவது எழுதியிருந்ததா என்று நான் கேட்டேன்.

"இங்கிலீஷ்ல என்னமோ இருந்துச்சுக்கா. கூட ஒரு மண்டையோடு. கம்பெனி மார்க்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மயில் மார்க் சீயக்காய், யானை மார்க் கடலை மாவு என்று ஏற்றி ஏற்றிப் பழகிய மனிதர். அவர் வரையில் இது மண்டையோடு மார்க்.

கோவிந்தசாமி மெதுவாகச் சொன்னார். "சின்னப்பாப்பா அந்த நொய்யத்தான் வாரிக்கிட்டுப் போயிருக்கா."

பாதி லோடோடு லாரி கிளம்பியது. நான் ஏன் முன்சீட்டில் ஏறினேன்? தெரியாது. யாரும் இறங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மண் ரோடு. எதிரே சித்தேரி மலை. பஷீர் வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டு ஓட்டினார். கோவிந்தசாமி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் எங்காவது விழுந்து கிடப்பாளோ என்று அவர் தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்ததும் நானும் தேட ஆரம்பித்தேன்.

ஊரில் ஈ காக்காய் இல்லை. எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் வீடு எது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. பட்டப்பகல், பூட்டிய கதவுகள், காற்றுக்கூட இல்லை. தெருக் கடைசியில் ஒரே ஒரு கூரையிலிருந்து புகை வந்தது.

அந்த வீட்டு வாசலில் முறம் கிடந்தது. புடைத்திருக்கிறாள். சுற்றிலும் வெள்ளையாகத் தூள். தூளின் மேல் கோழிகள் படுத்திருந்தன – வெயிலுக்குச் சிறகை விரித்துத் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. ஒரு கோழி மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதுவும் சத்தமே போடவில்லை.

"தங்கச்சி..." என்று பஷீர் வெளியில் நின்று கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டார். உள்ளே உலைமூடி தடதடவென்று ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

பெண்பிள்ளை என்கிற முறையில் நான்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கிறது, ஆள் இல்லை. விட்டத்தில் தூளி கட்டியிருந்தது. தூளிக்குள் கனமாக ஏதோ தொங்கியது. ஆடவில்லை. கீழே ஒரு கிண்ணம், அடியில் கஞ்சி ஒட்டிக் காய்ந்திருந்தது.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. பல்லிக்கும் இடிக்கும் பயப்படாதவள். ஆனால் அந்தத் தூளித் துணியை விலக்க எனக்குக் கை வரவில்லை. நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டேன். ஒரு சின்னப் பாதம் கைக்குத் தட்டுப்பட்டது. ஜில்லென்று இருந்தது.

அது என்னை உதைத்தது. பாருங்கள், நல்ல உதை. அப்புறம் வீல் என்று ஒரு அழுகை. துணியை நனைத்துவிட்டு ஈரத்திலேயே தூங்கியிருக்கிறது பிள்ளை. "அழு ராசா, நல்லா அழு" என்றேன். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அழுகைச் சத்தம் கேட்டுச் சின்னப்பாப்பா கொல்லைப்பக்கமிருந்து ஓடி வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் வரும் நேரத்தில் பஷீர் உலைப்பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார்.

"எம் பானைய எங்க தூக்கிட்டுப் போற? அது எனக்குப் பாத்தியப்பட்டதுய்யா. கூட்டுனது நானு" என்று பாய்ந்தாள்.

"வாசல்ல போய்ப் பாரு" என்றார் கோவிந்தசாமி.

பார்த்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கொழந்தைக்கு ஊட்டுனியா?"

"இன்னும் வேகலைங்க. அது காலைல குடிச்ச கூழுக் கிண்ணம்" என்றாள்.

'இன்னும் வேகல' என்று என் தங்கை சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

பானையைக் குழியில் கவிழ்த்து மண் தள்ளினோம். அவளையும் பிள்ளையையும் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கோவிந்தசாமி கூட இருந்தார். ஏற்றிய வெல்லம் அத்தனையும் அவர் மறுநாள் குழி வெட்டிப் புதைத்தார், முகம் சுளிக்காமல். சின்னப்பாப்பா பிழைத்துக்கொண்டாள். இப்போது எழுந்து நடக்கிறாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பஷீர் முகம் கழுவினார். கழுவிய கை பாதியில் நின்றது. "அக்கா" என்றார். "லாரில சிந்துனது கொஞ்சம். மீதி அம்புட்டும் நொய்யி மூட்டை மேலதானே கொட்டுச்சு? மூட்டைங்க அரூர்ல கடையில இருக்குதே."

அரூருக்குப் போன வேகத்தை நான் எழுதினால் பஷீருக்கு லைசென்ஸ் இருக்காது. கடைக்காரர் முதலில் முறைத்தார். "சாக்கைத் தட்டிட்டாப் போச்சு, இதுக்குப் போய் ஓடியாந்தீங்களா?" செத்துப்போன எறும்புகளை அவருடைய மூட்டை அடுக்கிலேயே காட்டியதும் அவரே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். மூட்டைகளைத் தனியாக ஒதுக்கி, போலீசுக்குச் சொல்லி, எல்லாம் செய்தாயிற்று. ஒரு மூட்டை மட்டும் பிரித்திருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு படி விற்றிருக்கிறது.

"யாருக்கு?"

"வெளியூர் அம்மா ஒண்ணுங்க. பச்சைச் சேலை. பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்குதாம், கஞ்சிக்கு நல்ல நொய்யாக் குடுன்னு கேட்டு வாங்குச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிருச்சு."

எந்த பஸ்? அரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும். சேலத்துக்கு ஒன்று, திருப்பத்தூருக்கு ஒன்று, தர்மபுரிக்கு ஒன்று, தீர்த்தமலைக்கு ஒன்று. கண்டக்டர்களையெல்லாம் கேட்டோம். பச்சைச் சேலை எல்லா பஸ்ஸிலும் இருந்ததாம். பஷீர் வெல்லத்தை இறக்கிப் போட்டுவிட்டு இன்றுவரை ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பிடுகிறாரா என்று தெரியவில்லை.

உப்பையும் மண்ணெண்ணெயையும் ஒரே பையில் போட்டு வாங்கி வந்தால் நம் வீட்டில் சும்மா விடுவார்களா? ஊரார் தின்கிற அரிசியையும் பூச்சி மருந்தையும் ஒரே லாரியில் போட்டு அனுப்புகிறவர்களை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஓட்டுகிறவருக்கு 'இது விஷம்' என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? இதையெல்லாம் இன்னொரு சமயம் கோபம் தீர எழுதலாம். இப்போது எனக்குக் கோபப்பட நேரமில்லை.

இந்த இடத்துக்கு வேறொரு பத்தி எழுதி அனுப்பியிருந்தேன். ஆசிரியரிடம் கெஞ்சி அதை எடுக்கச் சொல்லிவிட்டு இதைக் கொடுத்திருக்கிறேன். காரணம், இதுவரை எந்த ஊரிலிருந்தும் ஒரு செய்தியும் வரவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை, பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை நாள் பத்தியம் கழித்துத்தான் கஞ்சி என்று வைத்திருக்கலாம். நொய் இன்னும் ஒரு டப்பாவில், மூடி போட்டு, அலமாரியில் பத்திரமாக இருக்கலாம்.

உங்கள் தெருவில் சமீபத்தில் யாராவது பிள்ளை பெற்றிருக்கிறார்களா? அவளுடைய அம்மா அரூர் வழியாக வந்தாரா? கையில் நொய் கொண்டுவந்தாரா?

எழுந்து போய்க் கேளுங்கள் – செருப்பைக்கூட அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.