ஆய்வில் விடுபட்ட பெயர்

மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஓர் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் அப்போது நான் மருத்துவ அதிகாரியாக இருந்தேன். நிபுணர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு உண்டு. ஓர் ஆய்விலாவது நம் பெயர் இருந்தால்தான் அங்கே தைரியமாக உட்கார முடியும். அதனால் துறைத் தலைவர் ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டு, "ஓர் ஆய்வு இருக்கிறது, செய்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு அது. யாருக்குப் புண் ஆறியது, யாரை மறுபடியும் அறுவைக்குக் கொண்டுவந்தோம் என்று பழைய கோப்புகளைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். எட்டு மாதம், ஓய்வு கிடைத்த சனிக்கிழமைகளையெல்லாம் சன்னல் இல்லாத கோப்பு அறையில் கழித்தேன். நோயாளிகளில் பலர் குளுவாங், உலு திராம் பக்கத்துத் தமிழர்கள். விவரம் விடுபட்டிருந்தால் நானே போன் செய்வேன். "கால் போனதுக்கு அப்புறம் யாரும் கேக்கலீங்க டாக்டர், நீங்கதான் கேக்குறீங்க," என்றார் ஓர் அம்மா.

என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவரும் அந்த ஆய்வில் இருந்தார். கோப்பு அறைக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "தலைப்பை மாற்றிவிட்டோமே, தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எப்போது பேசினீர்கள்?"

"வியாழக்கிழமை. பூப்பந்து முடிந்து சாப்பிடும்போது."

தலைவரையும் நண்பரையும் சேர்த்து வாராவாரம் நான்கு பேர் பூப்பந்து ஆடினார்கள். எல்லாரும் ஆண்கள். இந்தியர் ஒருவரும் இல்லை. வராதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் கோப்பு அறையில் போய் உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டு மாநாட்டில் எங்கள் ஆய்வைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் போட்ட அட்டவணைகள் அப்படியே இருந்தன. மேலே பூப்பந்து ஆடும் அந்த நான்கு பேரின் பெயர்கள், முதலில் நண்பருடையது. மூன்று முறை படித்தேன். அடியில் சின்ன எழுத்தில், 'தகவல் திரட்ட உதவிய ஊழியர்களுக்கு நன்றி' என்றிருந்தது. பக்கத்தில் நின்ற நண்பர் தன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தலைவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"நீ வார்டில் அருமையாக வேலை செய்கிறாய். உன் இன மக்களுக்கு உன்னைப் பார்த்தால்தான் நிம்மதி. ஆய்வு அப்படியல்ல, நீண்ட வேலை. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வந்தால் பாதியில் நின்றுவிடும். உன் நல்லதுக்குத்தான்."

பெண் என்பதாலா, இந்தியர் என்பதாலா என்று நான் பல நாள் குழம்பியிருந்தேன். அவர் இரண்டையும் ஒரே மூச்சில், பாராட்டுபோலவே சொல்லி முடித்துவிட்டார்.

மருத்துவமனை இயக்குநருக்குப் புகார் எழுத முடிவு செய்தேன். வார்டில் மூத்த தாதி ஒரு தமிழ் அம்மா. விஷயத்தைக் கேட்டதும் மருந்து அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"எழுதாதீங்க டாக்டர். உங்களுக்கு முன்னாடி ஒரு டாக்டரம்மா இப்படித்தான் எழுதினாங்க. யாரும் ஒண்ணும் திட்டல லா. நல்லாத்தான் பேசினாங்க. ஆறே மாசத்துல அந்தப் பொண்ணே வேலையை விட்டுப் போயிடுச்சு."

"ஏன் சிஸ்டர், என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதான் சொல்றேன்."

எழுதினேன். 'கிடைத்தது' என்று ஒரு வரி பதில் வந்தது. அதன்பிறகுதான் தாதி சொன்னதன் பொருள் புரிந்தது. காலையில் எல்லாரும் முன்பைவிட மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். அறுவைப் பட்டியலில் மட்டும் வாரத்துக்கு மூன்று முறை வந்த என் பெயர் இரண்டு முறையானது, பிறகு ஒன்று, பிறகு இல்லை. கட்டு மாற்றும் அறையில் என்னைப் போட்டார்கள். நேர்முகத் தேர்வில் ஆய்வு பற்றிக் கேட்டபோது காட்ட என் பெயரில் ஒன்றும் இல்லை. நண்பர் தேர்வானார்.

நானே கேட்டுப் பொந்தியான் மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே இருந்த பெண் நிபுணர் என் கதையைக் கேட்டுவிட்டு அனுதாபம் எதுவும் சொல்லவில்லை. "சரி, புதுசா ஓர் ஆய்வு ஆரம்பி. உன் பேரு முதல்ல வரும், இப்பவே எழுதி கையெழுத்துப் போட்டுக்கலாம்," என்றார் மலாயில். அவர் சொன்னபடியே நடந்தது. மறு ஆண்டு எனக்கும் இடம் கிடைத்தது. செய்தி கேட்டு அம்மா போனில் அழுதார்.

பயிற்சி இடத்தைக் குறித்த கடிதம் வந்தபோது மூன்று முறை படித்தேன். அதே மருத்துவமனை, அதே தலைவர்.

முதல் நாள் அவரே எழுந்து வந்து கைகுலுக்கினார். "நீ வருவாய் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன்," என்றார். புகாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறுவைப் பட்டியலில் முதல் நோயாளிக்கு நேரே அவர் பெயரும் என் பெயரும் இருந்தன. இன்னும் நான்கு ஆண்டு, ஒவ்வோர் ஆண்டும் என் மதிப்பீட்டில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"நன்றி சார்," என்றேன். என் குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது எனக்கே பயமாக இருந்தது.