அப்பாவைக் காரணம் காட்டியவள்

வீட்டில் அவள் பெயர் பாப்பா. தெருவிலும் பாப்பாதான். வயது நாற்பதைத் தொட்டு, முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்.

"அப்பாவுக்காகக் கையில கெடைச்ச வேலையையே உதறினவ அவ. இந்தக் காலத்துல யாரு இப்படி இருப்பா?"

அதைக் கேட்டதும் பாப்பா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கமான பெண் என்பார்கள். அடக்கமாவது ஒன்றாவது! அது வெட்கம். ஏன் வெட்கம் என்று சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து வேடிக்கை காட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

இருபத்திரண்டு வயதில் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் படிப்பை முடித்தாள். வகுப்பில் இரண்டாவது இடம். ஒரே வாரத்தில் இரண்டு வேலைக்கான கடிதங்கள் வந்தன. ஒன்று அவசர ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து. விபத்து, மாரடைப்பு, பிரசவம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். பகல், இரவு என்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். இன்னொன்று ஒரு தனியார் வண்டிக் கம்பெனியிலிருந்து. நடக்க முடியாதவர்களை டயாலிசிஸுக்கும் ஸ்கேனுக்கும் கூட்டிப் போய்த் திரும்ப வீட்டில் விடும் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்கு வீடு.

படிக்கும்போது அவள் கண்ட கனவெல்லாம் முதல் வேலைதான். யோசிக்கவே வேண்டாம். ஆனால் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்பு அந்த நிலையத்து வண்டியில் ஒரு நாள் போய் வந்திருந்தாள். வேலைக்கு எடுக்கும் முன் ஒரு முழு ஷிஃப்ட் வண்டியில் ஏற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அன்று மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவரை ஏற்றினார்கள். பாப்பா சட்டென்று மாஸ்க்கை எடுத்தாள், முகத்தில் பொருத்தினாள், அளவுக் குமிழைத் திருகினாள், எல்லாம் புத்தகத்தில் போட்ட மாதிரி. சிலிண்டரின் தலைவால்வைத் திறக்க மட்டும் மறந்துவிட்டாள். ஏற்கெனவே மூச்சுக்கு அலைந்த மனிதர், காற்றே வராத மாஸ்க்குக்குள் கண் பிதுங்கக் கையை உதறினார். "பயப்படாதீங்க தாத்தா, நல்லா இழுத்து விடுங்க" என்று இவள் தைரியம் வேறு சொன்னாள்.

எதிரே இருந்த சீனியர் அக்காதான் மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்தாள். கையை நீட்டி வால்வைத் திறந்தாள். மொத்தம் முக்கால் நிமிடம். பெரியவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார், ஆஸ்பத்திரிக்கு.

"எல்லாருக்கும் ஒரு தரம் நடக்கும்" என்றாள் அக்கா, இறங்கும்போது. "இனி நீ ஜென்மத்துக்கும் மறக்க மாட்ட. வேலைக்கு வா."

அக்கா மனதார எழுதிக் கொடுத்ததால்தான் அந்தக் கடிதமே வந்தது. பாப்பாவால்தான் அந்த நாளை மறக்க முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்தப் பெரியவரின் கண். படுத்தால் அந்தக் கண். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது என்று ஒருத்தியால் சொல்ல முடியுமா? அதுவும் வகுப்பில் இரண்டாவதாக வந்தவளால்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அவளுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாக்கு பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

அப்பா பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். முப்பது வருஷம் அந்தப் புகையைக் குடித்த நெஞ்சு. அப்போது அவருக்கு இருந்தது இருமல்தான். காலையில் கொஞ்சம், மாடி ஏறினால் கொஞ்சம். மற்றபடி ஆள் திடமாக இருந்தார். பாப்பா போனை எடுத்தாள்.

"சார், அப்பாவுக்கு நெஞ்சு சரியில்ல. நான் ராத்திரியில வீட்டுல இருந்தாகணும். என்னால வர முடியாது சார்."

வைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் அப்பா. மடித்த பேப்பர் கையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் உள்ளே போய்விட்டார். அன்று முதல் அவர் நோயாளியானார்.

தனியார் வண்டியில் பாப்பா நல்ல பெயர் எடுத்தாள். யாருக்கு எந்த முட்டி வலி, யாரை ஜன்னல் பக்கம் உட்கார வைக்க வேண்டும், யார் போகும்போது பேசுவார்கள், யார் திரும்பும்போது பேச மாட்டார்கள், எல்லாம் மனப்பாடம். பின்னால் சைரன் கேட்டால் டிரைவர் வண்டியை ஓரங்கட்டுவார். அந்த அவசர வண்டி கடந்து போகும் வரை பாப்பா ஜன்னலைப் பார்க்காமல் துணியை மடித்துக்கொண்டிருப்பாள். மடித்த துணியையே திரும்ப மடிப்பாள்.

மூன்றாம் வருஷம் ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் ஒரு வாத்தியாருக்கு வண்டியிலேயே இதயம் நின்றது. பாப்பா யோசிக்கவில்லை. அவரைக் கிடத்தி, நெஞ்சில் கையை ஊன்றி, எண்ணி எண்ணி அழுத்தினாள். பதினோரு நிமிடம், ஆஸ்பத்திரி வாசல் வரை. வாத்தியார் பிழைத்துக்கொண்டார். எல்லோரும் கை கொடுத்தார்கள். பாப்பா கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். பயம் இல்லவே இல்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வேலைக்குப் போயிருந்தால் முதல் மாதமே ஓடிப்போயிருக்கும் பயம் அது. அதற்குப் போய் மூன்று வருஷத்தைக் கொடுத்திருக்கிறாள்.

இந்த வாத்தியார் கதை அப்பா காதுக்கும் எட்டியது. அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாமல், பஸ் பிடித்து அவசர நிலையத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டார். மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு படிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறியிருக்கிறார். பொண்ணே விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபோது உதடெல்லாம் நீலம். அம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? மூச்சு விடவே வழியக் காணோம், மூணு மாடி ஏறப் போயிட்டீங்க!"

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிவத்தைப் பாப்பாவிடம் நீட்டினார். மற்ற கட்டங்களெல்லாம் காலி. ஒன்றை மட்டும் அவரே நிரப்பியிருந்தார். 'முன்பு வேலையை மறுத்திருந்தால் அதற்கான காரணம்' என்ற கட்டம். நம்பர் பிளேட் எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி நின்றது. 'தகப்பனாரின் நோய். இப்போது பூரண குணம்.'

எழுதிய மனிதர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வேலைக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். ஆனால் அந்த வரியை அப்படியே விட்டு அனுப்பக் கை வரவில்லை. அடித்துவிட்டு உண்மையை எழுதினால் அப்பாவுக்குச் சொல்லியாக வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

"உங்கள இப்படி விட்டுட்டு எப்படிப்பா போவேன்?" என்றாள்.

பொய்யை இரண்டாம் முறை சொல்லும்போது அவ்வளவாகக் கூசவில்லை என்பதுதான் கொடுமை. அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் இருமுவதற்குக்கூடப் பின்கட்டுக்குப் போனார். தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டார். மகளுக்குத் தான் ஒரு பாரம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பாரம் என்று ஆக்கியது யார் என்று மகளுக்குத்தான் தெரியும்.

அப்படியே பதினைந்து வருஷம் ஓடியது.

போன வருஷம் அவரை வார்டில் சேர்த்தார்கள். ஒரு பிற்பகல், அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அப்பா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுப் பேசினார். வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"பாப்பா, அன்னைக்கு நீ போன்ல பேசினப்ப நான் வாசல்ல நின்னேன் பாரு. ஓடி வந்து போனப் பிடுங்கி, என் பொண்ணு வருவான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. பொண்ணு பக்கத்துலயே இருப்பாளேன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன்மா. என்ன மன்னிச்சிரு."

உங்களால இல்லப்பா, எனக்குப் பயமா இருந்துச்சுப்பா. இவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. தொண்டை வரை வந்தது. சொன்னால், இத்தனை வருஷம் வாய்மூடி இருமிய மனிதருக்கு என்ன பதில்? அதை நினைத்ததும் அன்று வெள்ளிக்கிழமை பிடித்த அதே பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. மென்று விழுங்கினாள்.

"விடுங்கப்பா" என்றாள். "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்."

அப்பாவின் முகம் தெளிந்தது. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். செய்தவள் உட்கார்ந்து மன்னித்தாள். பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கினார். நான்காம் நாள் அந்த நிம்மதியோடேயே போய்ச் சேர்ந்தார்.