பரமபதத்தில் என் அண்ணன்

உலகச் சண்டைக் காலம். அரிசிக்கு நாய் படாத பாடு பட்டோம். ஆனாலும் ஆனி மாதம் குற்றாலத்தில் அருவி விழுகிறது என்று தெரிந்தால் போதும், தென்காசியில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எடுக்கிற பசி சாதாரணப் பசியா? வடித்து மாளாது.

மகளுக்கு அப்போது மூன்று வயது. சாரலில் அவளை வெளியே விட முடியாது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் பரமபதப் படத்தை விரித்து அவளோடு உட்காருவார். தாயக்கட்டையை உருட்டுவது மட்டும்தான் அவள் வேலை. பாம்பு கொத்திக் காய் இறங்கினால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவளைச் சிரிக்கவைக்க, இவர் பாம்புகளை எல்லாம் விருந்தாளிகளாக்கினார். சுருண்டு கிடந்தது அத்தை, நெளிந்து போனது சித்தப்பா. உச்சியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பெரிய பாம்பு மாமா, அதாவது என் ஒரே அண்ணன்.

"மாமா சோத்தைப் பானையோட முழுங்கிரும்" என்பார். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியதே அந்த அண்ணன்தான்.

அந்த வருஷமும் கரிசல் காட்டிலிருந்து வந்தார். சாயங்காலம் அவரே மருமகளோடு விளையாட உட்கார்ந்தார். அவள் பெரிய பாம்பின் மேல் விரலை வைத்தாள்.

"மாமா, இது நீதான். சோத்தையெல்லாம் தின்னுரும். அப்பா சொன்னாவ."

என் வீட்டுக்காரர் செருமிக்கொண்டே புறவாசலுக்கு நழுவினார். நான் என்ன செய்தேன்? "வாய மூடுட்டி" என்று பிள்ளையை அதட்டினேன்.

"சின்னப்பிள்ளைய எதுக்கு வையுத?" என்றார் அண்ணன். பிறகு பாம்பு மாதிரி 'புஸ்' என்று சீறிக்காட்டி, அவள் ஜெயிக்கிற வரைக்கும் விளையாடினார்.

ராத்திரி ஒரு தடவை போட்ட சோற்றோடு இலையை மடக்கிவிட்டார். "வயிறு மந்தமா இருக்குட்டி" என்றார். மறுநாளே கிளம்பினார். இன்னும் இரண்டு நாள் இருங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். அடுத்த வருஷமும் வந்தார். பைக்குள், வழியில் அரிசியைப் பிடுங்கிக்கொள்ளும் ரேஷன் சோதனைக்குப் பயந்து வேட்டிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த அரிசியை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் காட்டில் கம்பும் பருத்தியும்தான் விளையும். எங்கே அலைந்து வாங்கினாரோ.

"பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் குடு" என்றார்.

அன்று வீட்டில் வேறு அரிசி இல்லை. அதைத்தான் வடித்தேன். தலை நிமிராமல் பரிமாறினேன். அன்றைக்கு அண்ணன் கூச்சப்படாமல் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.