மலைக்குப் போகிற அளவுக்கு ஏழை

ஏழைப் பிள்ளைகளை இலவசமாக மலைக்குக் கூட்டிப்போகிறார்களாம் என்ற செய்தியை மில்லிலிருந்து கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். கேட்டதும் எனக்குப் பயம்தான் வந்தது. மலை என்றால் அட்டை, பள்ளம், குளிர்காய்ச்சல். இலவசம் என்றால் அதைவிடப் பயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெரிந்ததற்குக் கொஞ்சம் பயப்படுவேன், தெரியாததற்கு முழுசாகப் பயப்படுவேன்.

ஆனால் மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு தடவை சுற்றுலா போனபோதும் வீட்டில் இருந்தவள் அவள். இன்றைக்கோ நாளைக்கோ பெரிய மனுஷியாகிவிடுவாள். அதற்குப் பிறகு எங்கள் சனத்தில் முக்குக் கடைக்கே தனியாக விடமாட்டார்கள், மலைக்கா விடுவார்கள்? இந்தக் கோடையை விட்டால் அவளுக்கு மலை கிடையாது. அதை நினைத்தபோது என் மற்ற பயங்களெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நின்றன.

தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எழுபதுகளின் மதுரையில் ஏழைப் பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுக்க எத்தனை பேர் துடித்துக்கொண்டிருந்தார்கள் என்று. முதலில் கிடைத்தது ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம். இயற்கையோடு ஒரு நாள் என்று சொல்லிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கோச்சடைப் பக்கம் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். மகள் சாயங்காலம் திரும்பி வந்தாள்.

"என்னடி பாத்த?"

"மரம் நட்டோம்மா."

"எத்தனை மரம்?"

"ஒண்ணுதான். ஒருத்தர் நட்டு போட்டோ எடுத்ததும் பிடுங்கி அடுத்த ஆளு கையில குடுத்தாங்க. என் முறை வாரதுக்குள்ள அது செத்துப்போச்சு."

இன்னொரு இடத்தில் காட்டைப் பற்றிய முகாம் என்றார்கள். போனால், பிள்ளைகளை ஒரு மண்டபத்துக்குள் உட்காரவைத்து, சன்னலைச் சாத்திவிட்டு, காட்டின் அருமையைப் பற்றி ஒருவர் மைக்கில் பேசினார். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பொட்டலத்தில் லெமன் சாதம் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவதாகக் கண்டுபிடித்ததுதான் நிஜமான மலை. ஊருக்குள்ளேயே ஆபீஸ் வைத்திருந்த ஒரு டிரஸ்ட். கூடாரம், மலையேற்றம், ஓடையில் குளியல், எல்லாம் உண்டு என்றார் அங்கிருந்த டீச்சரம்மா. ஒரே ஒரு நிபந்தனை. உண்மையிலேயே ஏழைதானா என்று வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

நாங்கள் இருந்தது வில்லாபுரத்தில், ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய லயன் வீடு ஒன்றில். அங்கே ஒரு வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் மற்ற வீடுகளிலிருந்து சாமான் வந்து இறங்கிவிடும். பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான், துக்கம் கேட்க வந்தாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் இருந்தது பஸ் கண்டக்டரின் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விஷயம் காதில் விழுந்ததும் டேபிள் ஃபேன், மடக்கு நாற்காலி இரண்டு, ரேடியோ, எவர்சில்வர் டம்ளர்கள், கட்டில், கட்டிலுக்குப் பூப்போட்ட விரிப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. "அக்கா, அவங்க நம்ம ஏழையான்னு பாக்கத்தான் வாராங்க."

"அதுக்கு? ஏழைன்னா வந்தவுகளை நிக்க வச்சுப் பேசுவியாக்கும்? ஃபேனைப் போடுடி, வேர்க்குது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

டீச்சரம்மாவும், டிரஸ்டின் செயலாளரான ஒரு பெரியவரும் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஃபேன் சுற்றியது. ரேடியோவில் நாதஸ்வரம் வாசித்தார்கள். கலர் சோடா வாங்கி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொடுத்தேன். பெரியவர் ஃபேனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என் உபசாரத்தை மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

அவர்கள் எழுந்தபோது அக்கா வாசலில் நின்றார். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு எங்க வீட்டுல கால் வைக்காமப் போனா எப்படிங்கய்யா? ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க."

ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போய் நின்ற பிறகுதான் அக்காவுக்கே நினைவு வந்திருக்கிறது, வீட்டில் ஒன்றுமில்லை என்று. வெறும் தரை. மூலையில் நெளிந்த அலுமினியப் போணி ஒன்று கிடந்தது. அதில்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அக்காவின் மகள், என் மகளோடு படிக்கிறவள், உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் முடிவு சொன்னார்கள். அக்காவின் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. என் மகளுக்கு இல்லை. வசதியுள்ள குடும்பமாம்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனார்.

"அய்யா, நாங்க ஏழையில்ல. எங்க வீட்டுக்காரரு கண்டக்டரு. மாசமானா சம்பளம். அந்த ஃபேனு எங்களது."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வறுமை வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லம்மா."

"வெக்கப்படலீங்கய்யா. எங்களுக்கு அது இல்லவே இல்லைங்கிறேன்."

"இந்தத் தன்மானத்தைத்தான் நாங்க தேடிக்கிட்டிருந்தோம்" என்று டீச்சரம்மாவிடம் சொன்னார். டீச்சரம்மா தலையாட்டினார்.

நான் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அய்யா, நாங்கதான் ஏழை" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

வெளியே வந்ததும் அக்கா, "எம் மகளையும் அனுப்பப்போறதில்ல. இவுக மலையில தீயை வைக்க" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பிள்ளையாவது போகட்டும். என் மகளிடம் சொன்னபோது சரி என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

புறப்படுகிற காலையில் அக்காவின் மகளை வழியனுப்ப அக்கா, நான், என் மகள் மூன்று பேரும் போனோம். டிரஸ்ட் வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளைகளெல்லாம் ஏறிவிட்ட நேரத்தில், ஒரு தாய் உள்ளே போய்த் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள். "அங்க கரடி இருக்காம்ல? அட்டை ரத்தத்தைக் குடிச்சிருமாம்ல? நான் விடமாட்டேன்." அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் ஏற்கெனவே நினைத்து முடித்திருந்தேன். அவள் விட்டுப்போன இரண்டு மூன்றை என்னால் எடுத்துக்கொடுக்கக்கூட முடிந்திருக்கும்.

பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நன்கொடை கொடுத்தவர்களிடம் இத்தனை பிள்ளைகள் என்று சொல்லியாகிவிட்டதாம். ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது? டீச்சரம்மா கூட்டத்தைப் பார்த்து, "யாராவது ஏழைப் பிள்ளை இருக்கா?" என்று கத்தினார், பஸ்ஸில் சில்லறை கேட்பதுபோல.

"இந்தா இருக்கா!" அப்படிச் சொன்னது நான்தான்.

பெரியவர் என் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க ஃபேன் வச்சிருக்கிற வீடுல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் டிரைவர் ஹாரனை அமுக்கினார். புறப்படுகிற பஸ்ஸை நிறுத்திவைத்து ஏழ்மையை அளந்துகொண்டிருக்க முடியாதல்லவா? பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏறச் சொல்லுங்க" என்றார்.

மகள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "போகவாம்மா?"

அந்தப் படி ஒரே அடி உயரம்தான் இருக்கும். எனக்கு அதற்கு அந்தப் பக்கம் பள்ளமும் வெள்ளமும் காய்ச்சலும் தெரிந்தன. போன இடத்தில் பெரிய மனுஷியாகி உட்கார்ந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற பயமும் வந்தது. இறங்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போடி" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

பஸ் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. மாற்றுத்துணி இல்லை. போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

"அக்கா, எந்த மலைன்னுகூடக் கேக்கலையேக்கா!"

"மலைதானடி" என்றார் அக்கா. "அது எங்கிட்டுப் போயிரப்போகுது, வா."