மாடியிலிருந்து கூவியவள்

என் ஐந்து வயது மகளின் குரல் பல வாரங்களாகக் கரகரத்தே இருந்தது. சளி என்று நினைத்து மிளகுப் பால் கொடுத்தேன், சரியாகவில்லை. தொண்டையில் கட்டியோ, குரலே போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குரோம்பேட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அவள் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை நுழைத்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் தெரிந்த இரண்டு குரல் நாண்களிலும் கடுகளவு தடிப்பு.

"ஆபரேஷனா டாக்டர்?"

"வேண்டாம்மா. கத்திக் கத்தி வந்த காய்ப்பு. பாப்பா எங்க இவ்ளோ கத்துறா?"

"வீட்டுல அமைதியாத்தான்..." என்று நான் முடிப்பதற்குள் மகள் நாற்காலியில் ஏறி நின்றாள்.

"வஞ்சிரம், சங்கரா, நெத்திலி மீனேய்!"

கோவளத்திலிருந்து அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அக்காவின் கூவல் அது. மாடியில் நின்று மகளும் தினமும் கூடவே கூவுவாள். "என் பார்ட்னர் கொரல் குட்த்தாதான் யாவாரம்" என்று அக்கா சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

"குரல் பயிற்சி கொடுக்கலாம். இனிமே தூரத்துலேர்ந்து கத்தக் கூடாது, கிட்டப் போய்ப் பேசணும். குறையுதான்னு பார்ப்போம்" என்றார் மருத்துவர்.

மறுநாள் கூவல் கேட்டதும் மகள் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கூடையருகே நின்று ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"இன்னா பாப்பா, உன் கொரலும் என்னுது மாதிரியே பூட்ச்சா?" அக்காவின் உடைந்த குரல் மேலே வரை வந்தது.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காதைக் கொடுத்தேன். மகளின் பதில் எனக்குக் கேட்கவில்லை.